பதினொன்று பத்துக்கு வந்த குரல்

தேரடித் தெருக் கடையில் பழைய ரேடியோ ஒன்றைப் பழுது பார்த்துப் போட்டுக் காட்டினார்கள். வால்வு சூடேறி, அதன்மேல் படிந்த தூசி கருகும் வாசனை வந்தது. வந்த காரியத்தை மறந்து அப்படியே நின்றுவிட்டேன். நீ செத்துப்போய் எட்டு மாதம் ஆகிறது.

மலைக்காடுகளைப் படமெடுக்க வந்த சிறு விமானத்துக்காக, வாடகை வீட்டு மாடியில் ஒரு வயர்லெஸ் அறை; அங்கும் இதே வாசனைதான். நீ ஆபரேட்டர், நான் டைப்பிஸ்ட். ஜவ்வாது மலைக்கு மேலே பறக்கும்போது விமானிக்கு நம்மைத் தவிர வேறு துணை கிடையாது. அரை மணிக்கொரு தரம், நலமாக இருப்பதாகச் சொல்வார். நீ நேரத்தை நோட்டில் குறிப்பாய். ஜன்னலுக்கு வெளியே மேகம் இறங்கி, நம் ஊர் மலை பாதி கரைந்திருக்கும். அந்த வெண்மைக்குள்ளிருந்துதான் அவர் பேசுகிறார் என்று நினைத்துக்கொள்வேன்.

"மேகம் பேசினா இப்படித்தான் இருக்கும் போல," என்றேன் ஒருநாள்.

"மேகத்துக்கு சளி புடிச்சிருக்குடி. கரகரங்குது."

அன்று பதினொரு மணிக்கு வர வேண்டிய குரல் வரவில்லை. இரண்டு முறை கூப்பிட்டுப் பார்த்தாய். போலீசுக்கு டிரங்க்கால் போட எழுந்தபோது ஹெட்போனை என் தலையில் மாட்டினாய். "சும்மா கேட்டுக்கினு இரு. எதையும் தொடாதே."

பதினொன்று பத்துக்கு அவர் குரல் நூலிழையாய் வந்தது. என்ஜின் நின்றுவிட்டது என்பது மட்டும் புரிந்தது. பதறிப்போய்ப் பேசும் பொத்தானை அழுத்தினேன். எங்கே இருக்கிறீர்கள், எங்கே என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். அது அழுந்தியிருக்கும்வரை எதிர்க்குரல் கேட்காது. அவர் இடத்தைச் சொன்னது அப்போதுதான் என்று பிறகு தெரிந்தது.

நீ ஓடிவந்து என் விரலைப் பிரித்தாய். "கைய எடுடி, அப்பதான் அவரு பேசறது கேக்கும்." அதற்குள் வெறும் இரைச்சல்.

ஐம்பது நிமிடம் நீ விடாமல் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாய். கோயில் மணி எங்கோ தண்ணீருக்கடியில் அடிப்பதுபோல் இருந்தது. பிறகு மறுபடி அவர். ஓடை மணலில் இறக்கியிருக்கிறார், கால் நசுங்கியிருக்கிறது. இம்முறை இடம் காதில் விழுந்தது. ஜீப் போய்ச் சேர்ந்தது, அவர் பிழைத்தார். கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் காலையும் காப்பாற்றியிருக்கலாம் என்றார் டாக்டர்.

முதல் அழைப்பை நோட்டில் எழுதாதே என்று கெஞ்சினேன். நீ எழுதினாய்: பொத்தான் அழுந்தியிருந்ததால் இடம் கேட்கவில்லை. கீழே உன் கையெழுத்து.

"ஏன்டி உன் பேரப் போட்டே?"

"என் டூட்டிதானே. உன்ன உக்கார வெச்சது நானு."

"அப்ப எழுதாமலே இருந்திருக்கலாம் இல்ல?"

"எழுதலன்னா நாளைக்கு இன்னொருத்தி அழுத்துவா."

உன்னை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். நான் வாய் திறக்கவில்லை. கீழ்பென்னாத்தூரில் தையல் மெஷின் போட்டு உட்கார்ந்தாய். ஆபீசில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று உன்னிடம் சொல்லத்தான் ஒவ்வொரு முறையும் பஸ் ஏறினேன். டீ குடித்துவிட்டு, ரவிக்கைக்கு அளவு கொடுத்துவிட்டுத் திரும்பினேன். நீயும் கேட்டதில்லை.

போன வாரம் அந்த விமானியின் விலாசம் கிடைத்தது. அன்று பொத்தானை அழுத்திப் பிடித்திருந்தது என் விரல், ஆபரேட்டருடையது அல்ல என்று எழுதி, என் முழுப் பெயரையும் போட்டு, இன்று காலை தபாலில் சேர்த்துவிட்டேன்.

இனி அவர் பேசட்டும். என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்வேன்.