வாயில் நிற்காத பன்னிரண்டு வார்த்தைகள்

மார்ச் 4

வெட்கத்தை விட்டு எழுதிவிடுகிறேன். இன்று காலை குளியலறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு வாளிக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தேன். சத்தம் கொஞ்சம் கூடிப்போயிருக்க வேண்டும். வெளியிலிருந்து வீட்டுக்காரர் கேட்டார்.

"உள்ள யாரு?"

"நான்தான்."

"அது தெரியுது. கூட யாரு?"

வாளி என்று எப்படிச் சொல்வது? குழாயைத் திறந்துவிட்டேன்.

காரணம் இருக்கிறது. நானும் என் ஓரகத்தியும் சேர்ந்து பார்லர் நடத்துகிறோம். கொழுந்தனார் மனைவி, வீட்டில் எல்லோருக்கும் அவள் சின்னவள். இடம் எவ்வளவு என்றால், ஒருத்தி தலை அலச எழுந்தால் இன்னொருத்தி முழங்காலை மடக்க வேண்டும். பக்கத்துக் கடையில் கடிகாரம் பழுதுபார்ப்பவர் காலி செய்கிறார். அதையும் எடுத்து நடுச்சுவரை இடித்துவிட்டால் நாங்களும் மனுஷர்கள் மாதிரி கையை வீசி நடக்கலாம். கட்டடச் சொந்தக்காரர் முன்பணத்துக்கு மே கடைசிவரை பொறுத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

அந்த முன்பணத்தில் ஒரு பெரிய பங்கு பிட்காயினாக இருக்கிறது. சின்னவளின் வேலை. "போனா அழக்கூடாது, அந்த அளவுக்குத்தான் போடணும்" என்று மாதா மாதம் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கினாள். அரசாங்கத்தில் பதிவு செய்த, வாங்கி விற்கிற தளம்தானா என்று பார்த்து, அடையாள அட்டை கொடுத்து, உள்ளே நுழைய இரண்டு பூட்டு போட்டு. ஒரு பட்டனை அழுத்துவதற்கு முன் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொள்கிறவள் அவள். விலை ஏறி ஏறி, அழக்கூடாத அளவு இப்போது அழ வேண்டிய அளவாகிவிட்டது. அது போனால் சுவரும் நிற்கும், நாங்களும் முழங்காலை மடக்கிக்கொண்டே கிழவிகளாவோம்.

போன வாரம் அதைத் தளத்திலிருந்து எடுத்து எங்கள் சொந்தப் பணப்பைக்கு மாற்றினாள். பணப்பை என்றால் தோல் இல்லை, ஜிப் இல்லை. பழைய போனில் ஒரு ஆப். அது ஆங்கிலத்தில் பன்னிரண்டு வார்த்தை கொடுத்தது. போன் உடைந்தாலும் தொலைந்தாலும் அந்த வார்த்தைகளை வரிசையாகப் போட்டால் காசு திரும்பி வரும். யார் போட்டாலும் வரும். அதுதான் சங்கடம்.

"இதை நானே வெச்சுக்கறேன் அக்கா. உங்ககிட்ட சொன்னா மைக்ல சொன்ன மாதிரி."

எனக்குச் சுருக்கென்றது. கடையில் மூத்தவள் நான். "ஒரு ரகசியத்தைக்கூட என்னால காப்பாத்த முடியாதுன்னா நான் எதுக்கு இருக்கேன்?" என்று பிடித்தபிடியாக நின்று வாங்கிக்கொண்டேன். காகிதத்தில் இரண்டு பிரதி எழுதி, இரண்டு இடத்தில் வைக்கச் சொன்னாள். எழுதிவிட்டேன் என்றேன்.

எழுதவில்லை. காகிதத்தை யாராவது எடுத்துப் படித்துவிட்டால்? அதற்குப் பதில் வார்த்தைகளைத் தமிழாக்கி, கோத்து ஒரு கதையாக்கி, மனப்பாடம் செய்கிறேன். வாளி நல்ல ரசிகை. குறுக்கே பேசுவதில்லை.

மார்ச் 9

விலை இறங்கியது. சின்னவள் போனை எடுத்தே பார்க்கவில்லை. நான் பார்த்துக்கொண்டே இருந்ததில் இரண்டு பேருக்குப் புருவம் மெலிந்துவிட்டது.

மார்ச் 17

இன்று எனக்கு மேடம் பட்டம் கிடைத்தது.

மதியம் ஒரு போன். தேன் தடவிய குரல். உதவி மையத்திலிருந்து பேசுகிறானாம். "மேடம், உங்க வாலெட் இன்னிக்கு முடங்கப்போகுது. அந்தப் பன்னிரண்டு வார்த்தையைச் சொன்னீங்கன்னா நான் இங்கிருந்தே சரி பண்ணிடறேன்."

ஆபத்துதான். ஆனால் குரல் அவ்வளவு நன்றாக இருந்தது. வைக்க மனம் வரவில்லை. வார்த்தையைச் சொல்லவில்லை, மற்றதெல்லாம் பேசினேன். ஏன்ப்பா, சாப்பிட்டியா, கல்யாணம் ஆச்சா, அம்மா எங்க இருக்காங்க? அம்மா என்றதும் தடுமாறினான். விட்டேனா? எங்கள் தெருவில் இரண்டாவது நிச்சயதார்த்தமும் நின்றுபோன பெண்ணின் கதையை முதலிலிருந்து ஆரம்பித்தேன். மாப்பிள்ளையின் அத்தை வரைக்கும் வந்திருப்பேன். "மேடம், நான் அப்புறம் கூப்பிடறேன்" என்று வைத்துவிட்டான். கூப்பிடவில்லை.

சின்னவள் கேட்டுவிட்டு, நம்பரை முடக்கினாள். "நிஜமான உதவிக்காரன் யாரும் அந்த வார்த்தையைக் கேட்கவே மாட்டான் அக்கா. கேட்டாலே திருடன்தான்." பிறகு கொஞ்ச நேரம் கழித்து, "உங்க வாய் இன்னிக்குத்தான் முதல் தடவையா சம்பாதிச்சிருக்கு" என்றாள்.

பாராட்டா, ஏச்சா? பாராட்டு என்றே வைத்துக்கொள்கிறேன். பன்னிரண்டில் ஒன்றுகூட என் வாயிலிருந்து வரவில்லை. என்னைப் பற்றி எனக்கே பெருமையாக இருக்கிறது. இப்படி இருந்தால் ஏதாவது நடக்கும்.

ஏப்ரல் 6

நடந்தது.

தபால் ஆபீஸ் அம்மா வந்தாள். பெரிய காய்ச்சலுக்குப் பிறகு அவளுக்கு முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது. ஒட்ட வெட்டிவிடச் சொல்லி உட்கார்ந்துவிட்டு, கண்ணாடியைப் பார்க்க மாட்டேன் என்று கண்ணை மூடிக்கொண்டாள். மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வழிகிறது. கத்தரிக்கோலை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்? கையிலிருந்த ஒரே சரக்கு அந்தக் கதைதான். வெறும் கதை. அது எதற்கு என்று சொன்னால்தானே தப்பு? சொன்னேன்.

பாதியில் அவள் குலுங்கிச் சிரித்ததில் நான் கத்தரியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொள்ள வேண்டியதாயிற்று. கண்ணைத் திறந்து கண்ணாடியைப் பார்த்தாள். "பரவாயில்ல, நல்லாத்தான் இருக்கு" என்றாள். அந்த ஒரு பார்வைக்கு இன்னொரு தடவையும் சொல்லலாம்.

சொன்னேன். அடுத்து உட்கார்ந்திருந்தவள் முதலிலிருந்து கேட்டாள். அதற்கடுத்தவள் வீட்டுக்குப் போனவளைக் கூப்பிட்டு வந்தாள். சின்னவள் நல்லவேளையாகப் பொருள் வாங்கப் போயிருந்தாள்.

இதோடு நிறுத்தியிருக்கலாம். போன் ரிப்பேர் கடைக்காரி வந்தாள். எதற்கும் சிரிக்காத ஜென்மம். கதை முடிந்ததும், "இவ்வளவுதானா?" என்றாள். எனக்குப் பொறுக்கவில்லை. "இது சும்மா கதை இல்லம்மா. இதுக்குள்ள ஒரு பெட்டியோட சாவியே இருக்கு" என்று சொல்லித் தொலைத்தேன்.

ஏன் சொன்னேன்? சிரிக்கவில்லையே என்ற ஆத்திரம். அவ்வளவுதான்.

ஏப்ரல் 8

யாரும் ஒன்றும் கேட்கவில்லை. மறந்திருப்பார்கள். ஊருக்கு வேறு வேலை இல்லையா?

மே 3

ஊருக்கு வேறு வேலை இல்லை.

சாப்பிடும்போது வீட்டுக்காரர் தானாகச் சிரித்தார். லிஃப்ட் மாட்டுகிற மனிதர். தானாகச் சிரிக்கிற வழக்கம் இல்லாதவர். "இன்னிக்கு வேலை இடத்துல வெல்டிங் ஆளு ஒரு கதை சொன்னான்" என்று ஆரம்பித்தார். முதல் வரியிலேயே என் கையிலிருந்த கரண்டி நின்றுவிட்டது. கழுதை வந்தது. ஏணி வந்தது. வாத்து வந்து துரத்தியது. கல்யாணமான நாளிலிருந்து கடைக்கு அனுப்பினால் மூன்று சாமானில் ஒன்றை மறந்துவிட்டு வருகிற மனிதர், ஒன்று விடாமல், வரிசை மாறாமல் சொல்கிறார்.

"அந்தக் கதைக்குள்ள ஏதோ சாவி இருக்காம்" என்றும் சொன்னார். "என்னன்னு கண்டுபிடிக்கறவனுக்கு யோகமாம்."

"யாரு சொன்னா?"

"எல்லாரும் சொல்றாங்க. ஏன் உனக்கு வேர்க்குது?"

சின்னவளுக்கு உடனே போன் செய்திருக்க வேண்டும். செய்யவில்லை. எடுத்தேன், வைத்தேன். நாலு வருஷமாக அவள் தனக்கென்று ஒரு நல்ல செருப்பு வாங்கியதில்லை. காசு போனால் கூடச் சமாளிப்பாள். "உங்ககிட்ட சொன்னா மைக்ல சொன்ன மாதிரி" என்று இன்னொரு தடவை சொல்ல மாட்டாள் — சொல்லாமலே இருந்துவிடுவாள். அதைத்தான் என்னால் தாங்க முடியாது.

விடிந்ததும் முதல் வேலை.

மே 4

கடை திறக்குமுன்னே அவளை உட்காரவைத்தேன், தலை அலசுகிற நாற்காலியில். சாய்ந்தபடி இருந்தால் அடிக்க வர நேரமாகும் என்ற கணக்கு. எல்லாவற்றையும் சொன்னேன். காகிதத்தில் எழுதாததையும்.

அவள் கூரையைப் பார்த்தபடியே கேட்டாள்.

"எத்தனை பேர்கிட்ட சொன்னீங்க?"

"நான் ஆறேழு பேர்கிட்டதான். மீதி அவங்க."

"சாவின்னு?"

"ஒருத்திகிட்ட. போன் ரிப்பேர்காரி."

"போயும் போயும் அவகிட்ட." எழுந்தாள். "அந்தக் கதையை எனக்குச் சொல்லுங்க."

"இப்பவா?"

"ஊருக்கே தெரியும், எனக்குத் தெரியக்கூடாதா?"

சொன்னேன். என் வாழ்நாளில் இவ்வளவு மோசமாக நான் கதை சொன்னதில்லை. கடைசி வரியில் அவள் உதடு துடித்தது. அழப்போகிறாள் என்று நினைத்தேன். சிரிப்பை அடக்கியிருக்கிறாள். "சரி" என்றாள். "கதவைச் சாத்துங்க."

கதவில் 'மின்சாரம் இல்லை' என்று எழுதி ஒட்டினோம். உள்ளே மின்விசிறி ஜோராகச் சுற்றிக்கொண்டிருந்தது.

பழைய போனைத் திறந்தாள். காசு அங்கேயே இருந்தது. நான் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் தன் போனில் புதிதாக ஒரு பணப்பை தொடங்கினாள். புதுசாகப் பன்னிரண்டு வார்த்தை. இந்த முறை என்னைச் சுவர்ப் பக்கம் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டு, இரண்டு காகிதத்தில் எழுதினாள். போட்டோ எடுக்கக் கூடாது, போனில் தட்டி வைக்கக் கூடாது என்று எழுதிக்கொண்டே பாடம் வேறு. பிறகு புது முகவரியின் முதல் எழுத்துகளையும் கடைசி எழுத்துகளையும் என்னை வாசிக்கச் சொல்லி ஒத்துப் பார்த்தாள். முதலில் துளியளவு அனுப்பினாள்.

"ஏன் துளி? யாராவது முந்திக்கப் போறாங்க, எல்லாத்தையும் அனுப்பேன்."

"தப்பான இடத்துக்குப் போச்சுன்னா திருப்பித் தர ஆள் கிடையாது அக்கா. அவசரப்படற நேரத்துலதான் மெதுவாப் பண்ணணும்."

காத்திருந்தோம். கதவை யாரோ தட்டினார்கள். நான் வாயைத் திறந்தேன், அவள் பார்த்தாள், மூடிக்கொண்டேன். துளி போய்ச் சேர்ந்தது. மீதியையும் அனுப்பினாள். மறுபடி காத்திருந்தோம். அதற்குள் என் கழுத்திலிருந்த துண்டை முழுக்க முறுக்கிப் பிழிந்துவிட்டேன்.

வந்து சேர்ந்தது. எல்லாம்.

அவள் ஒரு காகிதத்தை மடித்து ஒட்டி என்னிடம் நீட்டினாள். எனக்குப் புரியவில்லை.

"எனக்கு எதுக்கு?"

"ரெண்டு இடம்னா ரெண்டு இடம்தான். ஒண்ணு உங்க பேங்க் லாக்கர்ல வைங்க. பிரிக்காதீங்க. பிரிச்சா கதை கட்டிடுவீங்க."

பிரிக்கவில்லை. சாயங்காலத்துக்குள் லாக்கரில் வைத்துவிட்டேன்.

மே 6

பழைய பெட்டி காலி. இனி கதை வெறும் கதை. எழுதிவைக்கிறேன், இவ்வளவு நாள் இந்த நோட்டுக்கே சொல்லவில்லை:

ஒரு மாமா கழுதை மேல் ஏறிக் கல்யாணத்துக்குப் போனார். வாசலில் கூட்டம். ஏணி வைத்துப் பின்பக்கமாக ஏறி, முட்டைகோஸ் குவியலில் விழுந்தார். திருடன் என்று போலீஸ் வந்தது. போலீஸை வாத்து துரத்தியது. ஓடி விழுந்ததில் பல் ஆடியது. பல் டாக்டரிடம் போனார். டாக்டர் ஒரு கையில் குடை பிடித்துக்கொண்டு பல் பிடுங்குகிறார். ஏன் என்றால், மேலே பால்கனியில் அவர் பெண்டாட்டி சோப்புத் தண்ணீரோடு நிற்கிறாள், இன்றைக்காவது குறி தப்பாமல் புருஷன் தலையில் ஊற்ற வேண்டும் என்று.

எழுத்தில் பாதிகூட வரவில்லை. முகத்தை அஷ்டகோணலாக்கிக்கொண்டு சொல்ல வேண்டும்.

மே 19

விலை கொஞ்சம் ஏறியது. இன்னும் ஏறட்டும் என்று நான். "முன்பணத்துக்கு வேணுங்கறது வந்தாச்சு, மேல ஆசைப்பட இது சீட்டாட்டம் இல்ல" என்று அவள். வேண்டிய அளவை மட்டும் தளத்துக்குத் திருப்பி அனுப்பி விற்றாள். அங்கே ஒருவன், நேரில் ரொக்கமாகத் தருகிறேன், கூடுதல் விலை, வெளியே பேசிக்கொள்வோம் என்று செய்தி அனுப்பினான். அவள் பதிலே போடவில்லை. நான் போட்டிருப்பேன், குறைந்தபட்சம் எந்த ஊர் என்று கேட்டிருப்பேன். பணம் அவள் பெயரிலுள்ள வங்கிக் கணக்குக்கு வந்தது. வரிக்காக ரசீதையும் எடுத்துவைத்தாள்.

கட்டடக்காரர் கையெழுத்துப் போடும்போது என்னைப் பார்த்துச் சிரித்தார். "கழுதை மாமா கதை நீங்க கட்டினதாமே?"

மே 27

செங்கல் தூசி. மூக்கிலும், கிரீமிலும், சந்தோஷத்திலும்.

ஜூன் 7

சுவர் இல்லை. காலையிலிருந்து காரணமே இல்லாமல் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நடந்துகொண்டிருக்கிறேன். தலை அலச இரண்டாவது நாற்காலி வந்துவிட்டது. தபால் ஆபீஸ் அம்மாவுக்குத்தான் முதல் அலசல். முடி சுருள் சுருளாக முளைக்கிறது, தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறாள். போன் ரிப்பேர்காரியும் வந்து எட்டிப் பார்த்தாள். வாத்து இடத்தில் மட்டும் அன்றைக்கே கொஞ்சம் சிரிப்பு வந்ததாம். இவ்வளவு நாள் கழித்துச் சொல்கிறாள், பாவி.

மாலையில் பழைய போனில் இருப்பதை அழித்துவிட்டு யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று சின்னவள் எடுத்தாள். அழிக்கும் முன் எதையோ தட்டினாள். அந்தப் பழைய பன்னிரண்டு வார்த்தைகளும் திரையில் வந்தன. வாசித்தாள். இன்னொரு முறை வாசித்தாள். போனை என் பக்கம் திருப்பினாள்.

ஏழாவது வார்த்தைக்கு அர்த்தம், சராசரி.

"சராசரி"யை வைத்து யாரைச் சிரிக்கவைப்பது? வாளியே சிரித்திருக்காது. எப்போது மாற்றினேன் என்று எனக்கே ஞாபகம் இல்லை. முதல் வாரமே மாற்றியிருப்பேன். ஊரே ஒரு எழுத்து பிசகாமல் காப்பாற்றிய கதையைக் கெடுத்தவள் நான் ஒருத்திதான்.

"மீதி பதினொண்ணும் சரியா இருந்துச்சே, கெட்டிக்காரன் எவனாவது கண்டுபிடிச்சிருப்பான். பணப்பையை மாத்தினது நல்லதுதான்" என்று அவள் சமாதானம் சொன்னாள். ஆனால் அந்தப் போன் தண்ணீரில் விழுந்திருந்தால் நாங்கள் இருவரும் என் கதையை வைத்துக்கொண்டு என்ன செய்திருப்போம் என்று இரண்டு பேருமே கேட்டுக்கொள்ளவில்லை.

பன்னிரண்டில் வாத்து இல்லவே இல்லை.