அணைக்குக் கீழே ஓர் அறை

என் வாயாடிக்கு அம்மா எழுதுவது. இங்கே மூன்று பேரும் நன்றாகத்தான் இருக்கிறோம், நீ நன்றாக இருக்கிறாய் என்று உன் வாயால் கேட்டால்தான் எனக்குச் சோறு இறங்கும். அப்பாவுக்கு முழங்கால் வலி தேவலை, ஏதாவது வேலை சொன்னால் மட்டும் திரும்பி வந்துவிடுகிறது.

உன் கம்பெனியின் இங்குள்ள ஆபீஸ் மேலாளர் வீட்டுக்கு வந்திருந்தார். கை நிறையப் பழம், வாய் நிறையச் சிரிப்பு. வந்ததும் வராததுமாக அப்பாவின் முழங்கால் எப்படி இருக்கிறது என்று கேட்டார், எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அதை நான் உன்னிடம் போனில் சொன்னதோடு சரி. அதனால்தான் இதைப் போனில் சொல்லாமல் எழுதுகிறேன். தம்பிக்கு வேலை தருகிறார்களாம், அக்கா இருக்கும் அணைக்கே அனுப்புகிறார்களாம், உன் பக்கத்து அறை காலியாகத்தான் இருக்கிறதாம். அந்த அறையில் உன்னோடு சோதனைக்கூடத்தில் வேலை பார்த்த பெண் இருந்தாளே என்றேன். ஊருக்குப் போய்விட்டாள் என்று சொல்லிவிட்டுப் பழத்தை உரிக்க ஆரம்பித்தார். போன வாரம்தானே நீ போனில் பேசும்போது அவள் உன் பின்னாலிருந்து என்னை நலம் விசாரித்தாள்?

சோதனைக்கு உடைக்கும் கான்கிரீட் கட்டிகளுக்கு மட்டும் தனியாகச் சிமெண்ட் அதிகம் போட்டுக் கலக்குகிறார்கள், அணைச் சுவருக்குப் போவது வேறு கலவை என்று நீ சொன்னபோது, விருந்தாளி வந்தால் நான் முன்னறையை மட்டும் பெருக்குவது போலவா என்று சிரித்தேன். இப்போது சிரிப்பு வரவில்லை. சுவர் உறுதி என்று நீ கையெழுத்துப் போட மறுப்பதால் தண்ணீர் நிரப்புவது நிற்கிறதாம். பெற்றவள் சொன்னால் கேட்பாள் என்று அவரே பேனாவை நீட்டினார். இன்னொரு கை தம்பியின் தோளில் இருந்தது. பயந்துபோய் அவர் சொன்னதை அப்படியே எழுதிக் கொடுத்தேன். அந்தக் கடிதம் முதலில் வந்திருக்கும். அன்பிற்குரிய மகளே என்று ஆரம்பித்திருக்கிறேன். என்றைக்கு நான் உன்னை அப்படிக் கூப்பிட்டேன்? அங்கேயே உனக்குப் புரிந்திருக்கும்.

இதை, நீ இருக்கும் நாட்டுக்கே வேலைக்குத் திரும்பும் எதிர்வீட்டு நர்ஸ் உன் கையில் தருவாள். கையெழுத்துப் போடாதே. நீ போடாவிட்டால் வேறு யாரையாவது பிடித்துப் போட வைப்பார்கள், அதனால் ஜன்னலைத் திறந்தால் சுவர் தெரிகிற அந்த அறையில் இனிப் படுக்காதே. அணைக்குக் கீழே குடியிருப்பவர்களுக்கும் சொல்லிவிட்டுக் கிளம்பி வா. தம்பி ஆசையில் குதிக்கிறான், அவன் பாஸ்போர்ட்டை மாவு டப்பாவுக்குள் ஒளித்து வைத்திருக்கிறேன்.

ஒரு குறையும் இல்லாமல் நீ நெடுநாள் இருக்க வேண்டும். வேளைக்குச் சாப்பிடு.

உன் அம்மா

பின்குறிப்பு: கடிதத்தை மடிக்கும்போது தம்பி வந்து நிற்கிறான், சட்டையெல்லாம் மாவு. காலையில் கம்பெனி வண்டி வருகிறதாம். தலைபாடாக அடித்துக்கொண்டேன். அக்காவே அங்கேதானே இருக்கிறாள், எனக்கென்ன பயம் என்கிறான்.