புருவத்தில் வெட்டு விழுந்த இளவரசன்

1974 பிப்ரவரி 4

நீண்ட விவாதத்துக்குப் பின், பத்தொன்பது வருடத் தாடியை மழிப்பது என்ற வரலாற்றுத் தீர்மானம் இன்று காலை கண்ணாடி முன் நிறைவேறியது. ஆதரவு ஒன்று. எதிர்ப்பு இல்லை. ரயீசாவிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை. மனைவி தானாகப் பார்த்துத் திடுக்கிடட்டும்.

பிப்ரவரி 7

இன்னும் திடுக்கிடவில்லை. ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்துதான் வேலை செய்கிறோம். கறுப்பு அரக்குப் பெட்டியின் மூடியில், இளவரசனும் இளவரசியும் ஓநாய் மேல் ஏறித் தப்பிப் போகும் பழைய கதை. காடு, ஓநாய், உடுப்பு எல்லாம் நான். முகங்கள் மட்டும் அவள். இந்த ஊர் தேவாலயங்களுக்குச் சாமிப் படம் எழுதிக்கொண்டிருந்த காலத்துப் பாகப்பிரிவினை. முகம் பார்ப்பதுதான் அவள் தொழில்.

பிப்ரவரி 13

பட்டறையில் மெருகு தேய்க்கும் பெலகேயா கூப்பிட்டாள். "யெஃபீம், உம் பொண்டாட்டி ஓநாய் மேல ஏத்திவிட்ட இவான் இளவரசன் யாருன்னு பாத்தியா? நம்ம வார்னிஷ் பூசுற ஸகார்! சைக்கிளுக்கே வக்கில்லாதவனுக்கு வந்த வாழ்வப் பாரு!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கூட்டாகச் செய்யும் காரியத்தில் ஒருவன் மட்டும் ஒதுங்கி நிற்கக் கூடாது.

பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். கடுகளவு முகம். இடப் புருவத்தில் வெட்டு. ஸகாரேதான். அதன்மேல் ஏழு முறை வார்னிஷ் பூசியவனும் அவனே, வாயே திறக்கவில்லை. அவன் அணைத்திருந்த இளவரசியின் முகத்தை நான் பார்க்கவில்லை.

பிப்ரவரி 14

கேட்டுவிட்டேன்.

"எங்கயோ பாத்த முகந்தானே கையில வரும்" என்றாள், தூரிகையிலிருந்து கண்ணெடுக்காமல்.

"என் முகத்தை எங்கயும் பாத்ததில்லையா?"

நிமிர்ந்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"தாடிய எப்ப எடுத்தே?"

பிப்ரவரி 22

போய்ட்டா. ஷூயா ஊருக்குப் போற பஸ்ஸில், அவனோட. தூரிகைகளை எடுத்துக்கிட்டா. முட்டைக்கோஸ் சூப் வெச்சுட்டுப் போயிருக்கா — ரெண்டு நாளைக்கு வரும். ஏன் சூப்? போறவ போக வேண்டியதுதானே, எதுக்குடி சூப்பு?

பிப்ரவரி 23

சாப்பிட்டேன். உப்பு சரியாக இருந்தது.

மார்ச் 6

நகரத்திலிருந்து கலைத் தேர்வுக் குழு வந்தது. பதினேழு பெட்டிகளைப் பார்த்துவிட்டுத் தலைவர் ஓநாய்ப் பெட்டியை எடுத்தார். "இந்த இவான் முகத்துல உயிர் இருக்கு, தோழர் யெஃபீம். இதையே மாதிரியா வெச்சுக்கலாம்." முத்திரை குத்தினார்கள். கண்காட்சிக்கு இதே போல் நாற்பது வேண்டுமாம், கோடு பிசகாமல்.

முகம் வரைய ஆளில்லை என்றேன். பெலகேயா கூடச் சிரிக்கவில்லை. மேலாளர் தனியாக அழைத்துப் போனார். "பத்தொம்போது வருஷமா எதிர்ல உக்காந்து அவ வரையறதப் பாத்திருக்கியே யெஃபீம். உனக்கு வராதா?"

மார்ச் 15

வருகிறது.

ஏப்ரல் 2

இன்றோடு பதினெட்டு இவான் முகம். புருவத்து வெட்டு மாதிரியில் உள்ளபடியே இருப்பதாகப் பரிசோதகர் எழுதியிருக்கிறார்.