ஆமையின் இரண்டு புழுக்கள்

செங்கலடி,
வியாழக்கிழமை.

அன்புள்ள கிளோடியாவுக்கு,

நீயும் பிள்ளைகளும் பிரிஸ்பேனில் சுகமென்று உன் அக்கா பேர்னிஸ் சொன்னாள். ஞாயிறன்று அவள் உன்னிடம் புறப்படுகிறாள். இந்தக் கடிதத்தையும், நீ கேட்ட புழுக்களின் கண்ணாடித் தகடுகளையும் அவளிடம் கொடுத்தனுப்புகிறேன். தகடுகள் உடையாமல் துணியில் சுற்றியிருக்கிறேன்.

என் வீட்டுக்காரர் உதயரூபனைக் கொழும்பிலிருந்து கூட்டிவந்துவிட்டோம். இனி வீட்டில் வைத்துப் பார்ப்பதே நல்லதென்று டொக்டர்மார் சொன்னார்கள். கஞ்சி மட்டும் கொஞ்சம் இறங்குகிறது. இங்கே மழை பிந்திவிட்டது; வாவி இன்னும் வற்றித்தான் கிடக்கிறது.

உன் மின்னஞ்சல் திங்களன்று கிடைத்தது. முடிவை அவருக்குச் சொல்வதும் விடுவதும் என் விருப்பம் என்று எழுதியிருந்தாய். ஒரே ஆமையின் வாயில் வாழும் தட்டைப் புழுவும் சிறுநீர் தேங்கும் சலப்பையில் வாழும் தட்டைப் புழுவும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள், அந்த ஆமைக்குள்ளேயே பிரிந்தவை என்பதுதானே அவருடைய வாதம். சலப்பைப் புழுவின் சொந்தம் வேறு ஆமைகளின் சலப்பையில்தான் இருக்கிறது என்றாய் நீ. அதற்காக வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் எல்லோர் முன்னாலும் அவர் உன்னை ஏசியதையும், கட்டுரையிலிருந்து உன் பெயரை எடுத்ததையும், நீ சொல்லாமலே நாட்டைவிட்டுப் போனதையும் நான் மறக்கவில்லை. இப்போது டி.என்.ஏ. பரிசோதனை உன் பக்கம் நிற்கிறது. இந்த நிலையில் கிடக்கும் மனுஷனிடம் இதை எப்படிச் சொல்வேன்?

ஆனால் என் முகத்திலேயே கண்டுபிடித்துவிட்டார். "கிளோடியாட முடிவு வந்திட்டுப் போல. மறைக்காத புள்ள, காட்டு" என்றார்.

கணினியை அவர் முன்னால் பிடித்தேன். நீ வரைந்த உறவு மரத்தைக் கிளை கிளையாக விரலால் தொட்டுப் பார்த்தார். நம் குளத்து ஆமையின் சலப்பைப் புழு, மலேசிய ஆமையின் சலப்பைப் புழுவோடு ஒரே கிளையில் இருந்தது. வாய்ப் புழு எங்கோ தூரத்தில்.

அழுவாரென்று பயந்தேன். சிரித்தார், கிளோடியா. சிரித்ததில் இருமல் வந்து முதுகைத் தடவிவிட வேண்டியதாயிற்று. "அவள் சொன்னது சரிதான். புழுவுக்கு நான் வைச்ச பேரை எடுத்துப்போடு. அவள்ட பேரை முன்னுக்குப் போட்டுப் புதுசா எழுதுவம்" என்றார்.

அன்று பின்னேரமே தொடங்கினோம். தன் வகைப்பாடு எங்கே பிழையாய்ப் போனதென்று அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். இரண்டு புழுக்களின் உறிஞ்சிகளும் ஒத்திருந்ததையே உறவென்று நம்பிவிட்டாராம். பாதியில் களைத்துப் போனார். மிச்சத்தை நீதான் எழுத வேண்டுமாம்.

பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு, "அவளிட்ட மன்னிப்புக் கேக்கோணும். போனில சொல்ல ஏலாது" என்றார். நேற்று முதல், படலைச் சத்தம் கேட்டால் யாரென்று கேட்கிறார்.

டிசம்பர் விடுமுறைக்கு வருவதாக எழுதியிருந்தாய். அவ்வளவு பிந்த வேண்டாம். மாதா உனக்குத் துணையாக இருப்பா. வந்துவிடு.

உன் வழி பார்த்திருக்கும்,
தக்ஷாயினி