கண்ணீர் வராத ரதி

12.2.1961, ஞாயிறு

நான்தான் ரதி! கோயிலடியில் எல்லார் முன்னாலும் கூத்து வாத்தியார் மாயாண்டி, “செல்லசாமிதான் ரதி” என்று சொல்லிவிட்டார். மன்மதன் வேஷம் வீரய்யாவுக்கு. லயத்து வீட்டுக்கு நடந்து வந்தேனா பறந்து வந்தேனா, தெரியாது. சிவன் மன்மதனை எரித்ததும் ரதி உட்கார்ந்து பாடுகிற ஒப்பாரிக்காகவே பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துச் சனமெல்லாம் நம் காமன் கூத்துக்கு வரும். போன வருசம் பழனியாண்டி அழுத அழுகையில் பெரிய கங்காணியே துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

ஒரே ஒரு சங்கடம். இரண்டு கண்ணிலும் மணலை அள்ளிப் போட்டதுபோல் உறுத்தல். காலையில் இமை ஒட்டிக்கொண்டு திறப்பேனா என்கிறது. மாசி வெயிலாக இருக்கும்.

14.2

முதல் ஒத்திகை. விழுந்து புரண்டேன், மாரில் அடித்துக்கொண்டேன். ஒரு பொட்டுக் கண்ணீர் இல்லை. திரும்பி வரும்போது மேட்டுக் காற்று முகத்தில் அடித்ததுதான் தாமதம், பொலபொலவென்று ஊற்றியது. யாருக்காக ஊற்றுகிறாய் சனியனே?

வெங்காயம் கசக்கலாமா என்று மெல்லக் கேட்டேன். “இது சாமி கூத்துடா. வெங்காயத்துக்கு அழுவுற ரதி எனக்கு வேணாம்” என்றார் வாத்தியார்.

17.2

காலையில் காப்புக் கட்டியாச்சு. கையில் மஞ்சள் கயிறு, நெஞ்சில் பெருமை! இனி எரிந்த காமன் மறுபடி எழும்பும் வரைக்கும் தோட்டத்து எல்லையைத் தாண்டக் கூடாது.

சாயங்காலம்தான் எனக்குத் தோட்டத்து டிஸ்பென்சரி ஞாபகம் வந்தது. அங்கே மருந்து கொடுக்கிற கனகலிங்கம் ஐயா யாழ்ப்பாணத்துக்காரர். டோர்ச் அடித்துப் பார்த்துவிட்டு, செவ்வாய்க்கிழமை டிக்கோயா ஆஸ்பத்திரியில் கண் டாக்டரைப் பார்க்கச் சொல்லிக் கடிதம் எழுத ஆரம்பித்தார். நான் கயிற்றைக் காட்டினேன். பேனையை மூடிவிட்டார்.

“நாலு நாளைக்கு முன்னாலை வந்திருக்கலாமெல்லே? உம்மடை கண் காய்ஞ்சு போச்சு, அதுதான் காத்துப் பட்டால் மட்டும் தண்ணி ஊத்துது. நாள் முழுக்கத் தேயிலை காயவைக்கிற சூட்டு மெஷினுக்கு முன்னாலை நிண்டால் வேறை என்ன நடக்கும்?”

அப்புறம் ஒரு பெரிய பட்டியல். ஆறின வெந்நீரில் கழுவணும். சுடுதண்ணீரில் நனைத்த துணியை இரண்டு வேளை இமைமேல் வைக்கணும். கசக்கவே கூடாது. பேசும்போதும் பாடும்போதும் மறக்காமல் கண்ணை இமைக்கணும்.

19.2

மானம் போச்சு. ஐயா சொன்னபடி கண்ணை இமைத்து இமைத்து வீரம்மா அத்தையிடம் பேசிக்கொண்டிருந்தேன். அத்தை நேராக எங்கள் லயத்துக்கு வந்து, “ஒம் மகன் என்னைப் பாத்துக் கண்ணடிக்கிறான்” என்று அம்மாவிடம் சொல்லிவிட்டார்!

அத்தை மகள் பூரணிக்கு விஷயம் எட்டாமல் இருக்குமா? தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் குடத்தை வைத்துவிட்டுச் சிரித்தாள், சிரித்தாள், அப்படிச் சிரித்தாள். “ஆளு மாறிப்போச்சா மச்சான்?” என்றாள். அப்படியென்றால்? அப்படியென்றால் என்ன அர்த்தம்? இன்றைக்கு எனக்கு ஒன்றுமே ஓடவில்லை.

22.2

கனகலிங்கம் ஐயா பிறகு எழுதித் தந்த துண்டுச் சீட்டைப் பார்த்து, ஃபேக்டரி டீமேக்கர் என்னைக் கொழுந்து அரைக்கிற ரூமுக்கு மாற்றிவிட்டார். உள்ளே எப்போதும் ஈரம். கண்ணுக்குச் சொர்க்கம்.

25.2

மணல் உறுத்தல் பாதி போய்விட்டது. கண்ணீர்தான் வரக் காணோம்.

28.2

எழுதவே பிடிக்கல. கடைசி ஒத்திகை. வாத்தியார் என் கண்ணுக்குக் கீழே விரலை வைத்துப் பார்த்தார். காய்ந்த விரலை எல்லாருக்கும் காட்டினார். எரிக்கிறவரைக்கும் நான் ரதியாம், ஒப்பாரியைப் பின்பாட்டுக்காரன் சின்னத்தம்பி பாடுவானாம். அதைப் பாடத்தானே நான் ரதியானேன்? அது இல்லாட்டி நான் வெறும் சீலை கட்டின ஆளு. அம்புட்டுத்தான்.

1.3

பூரணியிடம் சொல்லிப் புலம்பினேன். இந்தத் தடவை சிரிக்கவில்லை.

“எங்கப்பா செத்தன்னிக்கு அம்மா ஒரு சொட்டு அழல மச்சான். மறுநாளே கூடையத் தூக்கிட்டு மலைக்குப் போயிருச்சு. நாலு வருசமாச்சு. அதுக்குத் துக்கம் இல்லேன்னு ஒங்க வாத்தியாரு சொல்லுவாரா?”

அதை அப்படியே வாத்தியாரிடம் போய்ச் சொன்னேன். வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பினார். சரி, பாடு, சின்னத்தம்பி பின்னால் நிற்பான், கூட்டம் கலைந்தால் அவன் எடுத்துக்கொள்வான் என்றார்.

3.3, வெள்ளி

விடிந்து வெகுநேரம் ஆச்சு, தூக்கம் வரவில்லை. எழுதிவிடுகிறேன்.

ராத்திரி கூத்தில், கல்யாணக் கட்டத்தில் ரதி சிரிக்கணும். மலைக்காற்று வந்தது பாருங்கள், இரண்டு கண்ணும் தாரைதாரையாக! தொலைந்தேன் என்று நினைத்தேன். “பாவம், பொண்ணுக்கு இப்பவே தெரிஞ்சிருச்சு போல” என்று பொம்பளைகள் பேசிக்கொண்டார்களாம்.

எரித்த பிறகு கண் பழையபடி காய்ந்துவிட்டது. நான் புரளவில்லை, மாரில் அடித்துக்கொள்ளவில்லை. அத்தை எப்படிக் கூடையை எடுத்திருப்பார் என்று நினைத்துக்கொண்டு சாம்பல் பக்கத்தில் உட்கார்ந்து பாடினேன், அவ்வளவுதான். தப்பு மேளச் சத்தம் நின்றுவிட்டது. எனக்குப் பயம். பின்னால் விசும்பல் கேட்டுத் திரும்பினால், என் இடத்தைப் பிடிக்க நின்ற சின்னத்தம்பி அழுதுகொண்டிருக்கிறான்.

பிறகு கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு சத்தம். வீரம்மா அத்தை. தரையில் உட்கார்ந்து, மாமா பெயரைச் சொல்லிச் சொல்லி அழுதார். பூரணி கட்டிப் பிடித்துக்கொண்டாள். யாரும் தடுக்கவில்லை. நான் பாட்டை நிறுத்தவில்லை, நிறுத்த முடியவில்லை.

7.3, செவ்வாய்

காப்பு அவிழ்த்தாச்சு. டிக்கோயா டாக்டர் சொட்டு மருந்து கொடுத்தார். மற்றபடி கனகலிங்கம் ஐயா சொன்னதையே சொன்னார். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் எனக்குச் சிரிப்பு.

22.3.1962, வியாழன்

இந்த வருசம் சின்னத்தம்பிதான் ரதி. ஒத்திகை பூராவும் வாத்தியார் அவனைத் திட்டித் தீர்த்தார். “அழாமப் பாடுடா. போன வருசம் செல்லசாமி பாடலயா?” அவனுக்கு முடியவில்லை. ஆற்றுத் தண்ணி மாதிரி ஓடுகிறது.

நேற்று நான் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தேன். இந்தப் பக்கம் பூரணி, அந்தப் பக்கம் இப்போது என் மாமியாராகிவிட்ட அத்தை. மன்மதனுக்கு இன்னும் தீயே வைக்கவில்லை, எனக்குக் கண்ணு ரெண்டும் கொட்ட ஆரம்பித்துவிட்டது. காற்றும் இல்லை. பூரணி விலாவில் இடித்தாள்.

“மெதுவா அழுவுங்க. எல்லாரும் ரதிய விட்டுட்டு ஒங்களப் பாக்குறாங்க.”

அத்தை தன் முந்தானையை என் பக்கம் நீட்டினார்.