சிங்கமீன் திரும்புவதற்கு இடம்

அம்மணிக்கு,

“இந்தத் தொட்டியில சிங்கமீன் திரும்பவே இடமில்லையே” என்று நீ கடையில் சொன்னபோது, தள்ளுபடி மயக்கத்தில் உன் வாயை அடைத்தேன். அன்றிலிருந்து நீ மீனோடு மட்டும்தான் பேசுகிறாய். இன்று காலை பார்த்தேன். மகாராஜா தோரணையில் விரித்த துடுப்பு கண்ணாடியில் இடித்து மடங்குகிறது. உன் கண்ணே கண்!

மதியம் இரண்டு மடங்கு பெரிய தொட்டி வரும். என் சாய்வு நாற்காலியைத் தள்ளிவிட்டு அங்கேயே வைக்கச் சொல்.

இறாலும் மீன் துண்டும் ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் ஐஸ் இளகிக்கொண்டிருக்கின்றன. இடுக்கியில் நீ ஆட்டினால் பாய்ந்து தின்கிறது, நான் ஆட்டினால் முறைக்கிறது. அதன் துடுப்பு முள்ளில் விஷம், கை பத்திரம்.

பி.கு.: கடைக்காரரிடம் பேரம் பேசாதே. சொன்ன விலைக்கே ஒத்துக்கொண்டேன். மனிதர் பயந்துபோய், “வீட்ல எல்லாம் சரியாத்தானே இருக்கு?” என்றார். சாயங்காலம்தான் தெரியும் என்றேன்.