ஆதாரப் பட்டியல் இல்லாத நாய்

செவ்வாய், ராத்திரி.

இருபது வருஷமாக வரலாற்றுப் புத்தகங்களைத் தவிர எதையும் தொடாதவன் நான். நாவலென்றாலே பொய் என்று எல்லோரிடமும் சண்டை போட்டவன். இன்று காலை வேலைக்குப் போகும் ரயிலில் ஒரு நாயின் கதையில் மூழ்கி, திருவொற்றியூரில் இறங்க மறந்து எண்ணூர் வரை போய்விட்டேன்!

கப்பலில் வந்த நாய், ஊர் பார்க்க இறங்குகிறது. கப்பல் கிளம்பிவிடுகிறது. அவ்வளவுதான் கதை. பழக்கதோஷத்தில் பின்பக்கம் ஆதாரப் பட்டியலைத் தேடினேன். இல்லை. ஆனாலும் அந்த நாயின் பயத்தில் ஒரு துளி பொய் கிடையாது.

பட்டறையில் பக்கத்து மெஷின் பஷீரிடம், "மாமு, இத்த நீ படிச்சே ஆவணும்" என்று குதித்தேன். ஷிப்ட் முடிந்ததும் புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டு ராயபுரத்துக்கு ரயிலேறிவிட்டான். எனக்கு இன்னும் நாற்பது பக்கம் பாக்கி.

சாப்பிடும்போது போன் செய்தான். "கடைசிப் பக்கத்தத்தான் மாமு மொதல்ல படிச்சேன். அந்த நாயி இன்னா ஆச்சுன்னா..."

"சொல்லாதடா!" நான் போட்ட சத்தத்தில் தட்டு கவிழ்ந்தது.

"நாவல்னாலே பொய்யின்னு நீதான சொல்லுவே? பொய்ய சொன்னா இன்னா மாமு?"

கட் பண்ணிவிட்டேன். நாளைக்கு முதல் வேலை, புத்தகத்தைப் பிடுங்குவது.

ஆனால் பஷீர் குரல் ஏன் அப்படிக் கம்மியிருந்தது?